அந்தப் பக்கம் ஆளில்லை

நீங்கள் இப்போது அந்தக் கோப்புப் பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தீர்களே, அப்படித் தூக்கக்கூடாது சார். இடுப்பை வளைத்து, கையை நீட்டித் தூக்கினீர்கள். பெட்டி சின்னதுதான், இன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இப்படியே தூக்கிக்கொண்டிருந்தால் என்றைக்காவது ஒருநாள் செருப்பை எடுக்கக் குனிந்து, நிமிர முடியாமல் அப்படியே நிற்பீர்கள். பெட்டிக்கு நெருக்கமாகப் போக வேண்டும். முட்டியை மடக்கி உட்கார்ந்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டு, காலால் எழுந்திருக்க வேண்டும். அழுகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி என்று நான் கடையில் சொல்லிக்கொடுப்பேன். அப்படிச் சொன்னால் எல்லோருக்கும் சட்டென்று பிடிபட்டுவிடும்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகின வாய் இது. உங்கள் நாற்காலிக்குப் பின்னால் அந்த அலமாரியின்மேல் பழைய டைப்ரைட்டரை வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், அதையும் யாரையாவது விட்டு இறக்கிவைக்கச் சொல்லுங்கள். நான் உள்ளே வந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கடையை நீங்கள் வந்து பார்த்தீர்கள். முன்பக்கம் ஏசி, வெளிச்சம், மெதுவாக ஓடுகிற பாட்டு. நிஜம்போலவே கட்டிவைத்த குளியலறைகள். ஒரு தடவை ஒரு அம்மா டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவளுடைய பிள்ளை பார்வைக்கு வைத்த கழிப்பறையில் உட்கார்ந்து வேலையையே முடித்துவிட்டான். வாங்க வருகிறவர்களுக்குக் கடை என்றால் அதுதான். கேமராக்களும் அங்கேதான் இருக்கின்றன, திருடு போகிற குழாயும் கைப்பிடியும் அங்கேதான் என்பதால். எனக்குக் கடை என்றால் பின்கதவைத் தாண்டி இருப்பது. டைல்ஸ், கிரானைட் பலகை, வாஷ்பேசின், குளியல் தொட்டி, கதவு, பெயின்ட் வாளி, டைல்ஸ் ஒட்டுகிற பசை மூட்டை. இரும்பு ரேக்குகளில் தட்டுக்குமேல் தட்டாக எல்லாம் நம் தலைக்குமேல் நிற்கும்.

அந்தப் பாரத்துக்குக் கீழே நடமாடுகிற அத்தனை பேரும் சாயங்காலம் காலும் கையுமாக வீடு போய்ச் சேர வேண்டும். அதுதான் என் வேலை. கழுத்தில் மாட்டின அட்டையில் குடோன் சூப்பர்வைசர் என்று போட்டிருந்தது. புதிதாக வேலைக்கு வருகிற யாராக இருந்தாலும் முதல் நாள் என் கையில்தான் ஒப்படைப்பார்கள். கனமானதைக் கீழே வை, லேசானதை மேலே வை. கதவைச் சுவரில் சும்மா சாய்க்காதே, நிறுத்திக் கட்டு. ரேக்கில் கால்வைத்து ஏறாதே, ஏணி என்ன அழகுக்கா நிற்கிறது. பெட்டிகளைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக்கை மேல்தட்டில் இருக்கும்போதே அறுக்காதே, கீழே இறக்கினபிறகு அறு. எந்தச் சந்தில் நுழைந்தாலும் முதலில் மேலே பார். இந்தக் கடைசிப் பாடத்தினால் எனக்கு 'மேலபாரு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மேலபாரு அண்ணன் வந்துட்டாரா, மேலபாரு அண்ணன் சாப்பிட்டாரா. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட, தலைக்குமேல் ஓடுகிற ஃபேனின் போல்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தட்டை இழுத்துக்கொள்வேன்.

இன்னொரு நடைமுறையும் நான் கொண்டுவந்ததுதான். அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கிறதெல்லாம் அதைச் சுற்றித்தான் இருக்கிறது.

ஒவ்வொரு ரேக்குக்கும் இரண்டு பக்கமும் சந்து உண்டு. ஃபோர்க்லிஃப்ட் இந்தப் பக்கத்துச் சந்தில் நின்று, பாரத்தை மேலே தூக்கி, ரேக்கில் தள்ளும். ஒரு முழம் அதிகமாகத் தள்ளிவிட்டால், அந்தப் பக்கம் வைத்திருக்கும் சரக்கு அடுத்த சந்தில் விழும். வண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தப் பக்கம் தெரியாது. அதனால் அவன் தூக்கி நிறுத்திக்கொண்டு "அந்தப் பக்கம்?" என்று குரல் கொடுக்க வேண்டும். ஒருவர் அடுத்த சந்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்துபோய்ப் பார்த்து, திரும்பிவந்து "ஆளில்லே" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் தள்ளக்கூடாது. ரேக்குகளின் பின்பக்கம் கம்பிவலை அடித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று மேனேஜர் ஒரு தடவை கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். "நான் இருக்கும்போது வலை எதுக்கு சார்?" என்றேன். செலவு மிச்சம் என்று அவருக்கும் சந்தோஷம்.

எனக்குக் கட்டைக் குரல். கடைசி எழுத்தை இழுத்துச் சொல்வேன். கடையின் முன்பக்கம்வரை கேட்கும். விற்பனைக்கு நிற்கிற பெண்கள் அதை வைத்துத்தான் என்னைக் கேலி செய்வார்கள். டீ பிளாஸ்கைத் திறந்து உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, என் குரலிலேயே "ஆளில்லேஏ" என்பார்கள். நான் கோபப்படுவதுபோல் முறைப்பேன். உள்ளுக்குள் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

இனி மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 

எனக்கு ஒரே தங்கை. அப்பா அம்மா இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட்டதால் அவளை வளர்த்தது நான். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை, அதற்கு நேரமும் வாய்க்கவில்லை. அவளுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் எங்கள் கடைக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வந்தார். குளியல் தொட்டியை மேல்தட்டிலிருந்து எடுத்துத் தரையில் வைப்பார், சத்தமே கேட்காது. தரைக்கு ஒரு விரல் உயரத்தில் ஒரு நொடி நிறுத்திவிட்டு, பிறகு மெல்ல விடுவார். எத்தனையோ டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன், அப்படி யாரும் நிறுத்தியதில்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன்.

"பையன் தங்கம். பாரத்த இறக்குறப்ப பாத்தேன். அவ்வளவு பதமா வைக்கிறான்."

"நான் என்ன டைல்ஸ் பெட்டியாண்ணே?" என்று கேட்டாள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அதுவரை 'டேய்' என்று கூப்பிட்டவனை அதற்குப் பிறகு 'வாங்க மாப்பிள்ளை' என்று கூப்பிட்டேன். முறை என்று ஒன்று இருக்கிறதே. அவர் என்னை மச்சான் என்பார். அடுத்த தெருவிலேயே வீடு பார்த்துக் கொடுத்தேன். ராத்திரிச் சாப்பாடு எனக்கு அங்கேதான். மூன்று பேரும் உட்கார்ந்து கடைக் கதைகளைப் பேசிச் சிரிப்போம். எனக்கென்று இருந்தது அவ்வளவுதான் சார், அந்தக் குடோனும் அந்தச் சாப்பாட்டு வேளையும். அது போதும் என்றுதான் இருந்தேன்.

ஊருக்கெல்லாம் முட்டியை மடக்கு என்று சொல்லிக்கொடுத்த எனக்கே முட்டி போய்விட்டது. நடந்தால் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி ஒரு வலி. வெளியே சொல்லவில்லை. குடோன் ஆள் நொண்டினால் யார் மதிப்பார்கள். சந்தின் முனையில் நின்றே பார்க்க ஆரம்பித்தேன். முனையில் நின்று பார்த்தாலும் பார்ப்பதுதானே. இத்தனை வருஷப் பழக்கத்தில், ஒரு சந்தில் ஆள் இருந்தால் எனக்கு வாசனையிலேயே தெரியும். பார்த்தேன், சொன்னேன், என் நாற்காலிக்குத் திரும்பினேன். ஒரு குறையும் வரவில்லை.

பெயின்ட் பிரிவில் இருந்த பெண் விஷயம் உங்களுக்குத் தெரியும். அதை எடுத்துவைத்துத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவள் சந்தின் நடுவில், கீழ்த்தட்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தின்னர் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கும் சந்தின் முனைக்கும் நடுவில், சுவருக்குப் பூசுகிற பட்டி மூட்டைகள் அடுக்கியிருந்தன. முனையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும். மாப்பிள்ளை கேட்டார், நான் சொன்னேன், அவர் தள்ளினார். வாஷ்பேசின் பெட்டி ஒன்று அவள் இருந்த பக்கம் சரிந்து அவள் தோளில் விழுந்தது. அந்தக் கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லையாம், அவள் அம்மாதான் பின்னிவிடுகிறாளாம். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே நுழையும்போது ஒரு தடவை மேலே பார்த்திருந்தால், வண்டி தூக்கிக்கொண்டு நிற்பது தெரிந்திருக்கும். அவளுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மறுநாள் மேனேஜர் விசாரிக்கப்போகிறார் என்று தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

"மாப்பிள்ளை, நாளைக்கு உங்களத்தான் கேப்பாங்க. நான் முழுசா நடந்து போய்ப் பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அதுக்கப்புறம் அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்போம் மச்சான்" என்றார். தங்கை எனக்கு இன்னொரு கரண்டி வைத்தாள். வேண்டாம் என்று சொல்லியும் வைத்தாள். நம் வீட்டில் 'பாப்போம்' என்றால் சரி என்றுதான் அர்த்தம். நான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மேனேஜர் அறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. வெளியே நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன், அவர் எனக்குப் பக்கத்தில் நிற்கிறார். மேனேஜர் கேட்டார். மாப்பிள்ளை சொன்னார்.

"மச்சான் நடக்குறதில்ல சார். முட்டி வலி. ரொம்ப நாளாவே முனையில நின்னுதான் சொல்றாரு. எனக்குத் தெரியும். அதனால அவரு சொல்லிட்டுப் போனதும் நானே வண்டிய நிறுத்திட்டு இறங்கி, அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டு வந்துதான் தள்ளுவேன். அன்னிக்கு வாசல்ல லாரி நின்னுச்சு, அவசரம். நான் இறங்கல. தப்பு எம்மேலயும் இருக்கு சார்."

பிறகு, நான் ஏதோ அங்கே இல்லாததுபோல, மேனேஜரிடம் கெஞ்சினார். "அவர வேலைய விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க. எங்க எல்லாருக்கும் கத்துக்குடுத்தவரு."

அதற்குப் பிறகு எனக்கு அவரை 'அவர்' என்று சொல்ல வரவில்லை சார். இனி அவன் என்றே சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் பொய் சொல்லி என்னை மாட்டிவிட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். பயம், பிழைப்பு, மேனேஜர் மிரட்டினார், எத்தனையோ காரணம் இருக்கலாம். நான் நடக்கவில்லை என்று சொன்னதைக்கூட ஒருமாதிரி ஜீரணித்திருப்பேன். ஆனால் அந்த இன்னொன்று. நான் 'ஆளில்லே' என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினவுடன், இவன் வண்டியிலிருந்து இறங்கிப்போய்ப் பார்த்திருக்கிறான். ஒருநாள் இல்லை, மாதக்கணக்காக. என் குரல் கடை முழுக்கக் கேட்கிறது என்று நான் பூரித்துப்போயிருந்த அத்தனை நாளும், யாருக்காக அதைச் சொன்னேனோ அவன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ராத்திரி என்னோடு உட்கார்ந்து சிரித்துச் சாப்பிட்டான். முட்டி எப்படி இருக்கு மச்சான் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கூடவே இருந்து, நம்பவைத்து, கழுத்தை அறுத்தான். இதற்கு வேறு பெயர் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

என்னைத் திருப்பி வாங்குகிற மேசைக்கு மாற்றினார்கள். வாங்கிப்போன சாமான் சரியில்லை என்று கொண்டுவருபவர்களிடம் பேசுகிற வேலை. உட்கார்ந்த வேலை, முட்டிக்கு நல்லது என்றார்கள். குடோன் அவன் கைக்குப் போயிற்று. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் புதிதாக ஒருவனைப் போட்டார்கள். திருப்பத்தில், நேர்வழியில், ஆளே இல்லாத இடத்தில் என்று எங்கேயும் ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டுவான், அதனால் அவனுக்கு 'ஹாரன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நல்ல பையன். குடோனில் என்னிடம் படிக்க வாய்க்காவிட்டாலும், வந்த முதல் நாளே என் மேசைக்கு வந்து, "அண்ணே, நீங்கதான் அந்த மேலபாரு அண்ணனா?" என்று கேட்டான். மரியாதையாகக் கேட்டான். சாப்பாட்டு நேரத்தில் வந்து, எப்படித் தூக்குவது, எங்கே நிறுத்துவது என்றெல்லாம் கேட்டுக்கொள்வான். 'ஆளில்லே' என்று எப்படி இழுத்துச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குச் செய்துகாட்டினேன். சந்தோஷப்பட்டான்.

விற்பனைப் பெண்கள் என்னைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார்கள். பிளாஸ்கில் டீ தீர்ந்தால் பேசாமல் மூடிவைத்தார்கள். நான் அந்தப் பக்கம் போனால் "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார்கள். நோயாளியைக் கேட்கிற மாதிரி. அதைவிட என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம்.

தங்கை வீட்டுக்குப் போவதை விட்டேன். அவள் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். "அவரு தூங்கவே மாட்டேங்கறாருண்ணே. உன்ன நெனச்சு நெனச்சு மருகுறாரு. அந்தப் பொண்ணு கைய நெனச்சும்தான். வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போயேன்" என்றாள். நான் கேரியரை வாங்கிக்கொண்டேன், சாப்பிட்டேன், கழுவித் திருப்பிக் கொடுத்தேன். அவளிடம் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. அவள் எனக்குப் பிள்ளை மாதிரி.

அந்த நாளுக்கு வருகிறேன். 

மத்தியானம், பாதிப்பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒருவர் வாஷ்பேசினை விளிம்பு உடைந்திருக்கிறது என்று கொண்டுவந்தார். உடைந்த சாமானைக் குடோனில் ஒரு மூலையில் கொண்டுபோய் வைப்பது வழக்கம். ஆள் யாரும் இல்லாததால் நானே தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். டைல்ஸ் சந்தின் வாயில் நின்றேன். அடுத்த சந்தில் ஃபோர்க்லிஃப்ட் பசை மூட்டைகளைத் தூக்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஹாரனின் குரல்.

"அந்தப் பக்கம்?"

"ஆளில்லே" என்றேன்.

ஹாரன் தள்ளினான். இந்தப் பக்கம் மேல்தட்டில் டைல்ஸ் பெட்டிகளைப் பிளாஸ்டிக் அறுத்து வைத்திருந்தார்கள். மேல்தட்டில் இருக்கும்போதே அறுக்காதே என்று நான் சொல்லிக்கொடுத்ததை நான் போனபிறகு யாரும் மதிக்கவில்லை. சரிந்தது. கீழே என் தங்கை புருஷன் இருந்தான். தலைக்கவசம் போட்டிருந்தான். நல்ல கவசம்தான், நான் இருந்தபோது வாங்கினது. ஆனால் அது கையிலிருந்து நழுவுகிற சுத்தியலுக்குத்தான் தாங்கும், டைல்ஸ் பெட்டிக்குத் தாங்காது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு, "பழக்கதோஷம், கேட்ட ஒடனே வாய்ல வந்துருச்சு, பாவம்" என்று எல்லோரிடமும் சொன்னார். ஹாரன் தரையில் உட்கார்ந்து அழுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அப்படியெல்லாம் செய்யவில்லை.

"நீ வேணும்னா செஞ்ச? பாக்காம சொல்லிட்ட. அன்னிக்கு மாதிரியே பாக்காம சொல்லிட்டண்ணே. உம்மேல எனக்குக் கோவமில்ல" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வருகிறவர்களிடமும் சொன்னாள். எங்கண்ணன் பாக்காம சொல்லிட்டாரு, அவருக்கு முட்டி வலி, அவரால நடக்க முடியாது.

நீங்களும் நல்லவர். டீ வாங்கிக் கொடுத்தீர்கள். கவனக்குறைவு என்றுதான் எழுதப்போகிறேன், பெரிதாக ஒன்றும் வராது, வயதையும் பார்ப்பார்கள் என்று சொன்னீர்கள். மனசு நிறைந்து சொல்கிறேன், உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு அந்தக் கண்ணாடி அறைதான் ஞாபகம் வந்தது. அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டால், அவன் அங்கே நின்று சொன்னதை நானே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். மேலபாரு நடக்கமாட்டான், மேலபாரு பார்க்கமாட்டான், சும்மா வாயை இழுப்பான். செத்தும் அவன்தான் ஜெயிப்பான். ஆயுள் முழுக்க ஜாக்கிரதையாக இருந்தவன் சார் நான். என்னைப் பொறுப்பில்லாதவன் என்று யாரும் எழுதக்கூடாது.

அதனால் விட்டுப்போனதையும் சொல்லிவிடுகிறேன்.

தள்ளுவண்டியைச் சந்தின் வாயில் நிறுத்தினபோது, ஃபோர்க்லிஃப்ட் தூக்க ஆரம்பித்த சத்தம் கேட்டது என்றேன். ஹாரன் பையன் இன்னும் 'அந்தப் பக்கம்?' என்று கேட்கவில்லை. அவன் புதிது, பாரத்தை ஏற்றி இறக்கி, நாலைந்து தடவை நேராக்கி, நிறுத்திவிட்டுத்தான் கேட்பான், எனக்கு அது தெரியும். நேரம் இருந்தது. நான் மேலே பார்த்தேன். பிளாஸ்டிக் அறுத்திருந்ததைப் பார்த்தேன். பிறகு நடந்தேன். முட்டி உயிரை எடுத்தது, ரேக்கின் காலைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். இரண்டு பக்கமும் கீழ்த்தட்டு ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன்.

நடுவில் அவன் இருந்தான். அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, ரேக்கின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துபோயிற்று. எத்தனையோ நாளாக நான் அவனிடம் பேசவில்லை.

"மச்சான், நீங்களே வந்துட்டீங்களா? நானே வந்து சொல்லணும்னு இருந்தேன். வலைக்கு மேனேஜர் ஒத்துக்கிட்டாரு. எல்லா ரேக்குக்கும் பின்னால வலை வருது. இனிமே யாரும் நடக்கவும் வேணாம், குரல் குடுக்கவும் வேணாம். உங்க முட்டிக்கும் ஒரு தொல்லையும் இல்ல. நீங்க பழையபடி குடோனுக்கே வந்துருங்க, நான் வண்டிக்கே போயிடுறேன். பேசிட்டேன்."

அவன் அதை நல்ல மனசோடுதான் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு ஆள் நடக்கவும் வேண்டாம், குரல் கொடுக்கவும் வேண்டாம் என்றால் அந்த ஆள் அங்கே எதற்கு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. என்னிடமிருந்து பிடுங்கினதை, அதற்குள் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, வெறும் அட்டைப்பெட்டியாக என் கையில் திருப்பிக் கொடுத்தான்.

"சரி மாப்பிள்ளை" என்றேன்.

பாதியில் திரும்பக்கூடாது, அது முறையில்லை. சந்தின் அந்த முனைவரை போனேன். வேறு யாரும் இல்லை. திரும்பி வந்தேன். நான் கடந்துபோக அவன் காலை மடக்கி வழிவிட்டான். "இன்னிக்கு ராத்திரி சாப்பிட வாங்க மச்சான்" என்றான். நான் தலையாட்டினேன். சந்தின் வாயில் வந்து நின்றேன், தள்ளுவண்டிக்குப் பக்கத்தில்.

ஹாரன் கேட்டான். நான் சொன்னேன், என் பழைய குரலில், கடைசி எழுத்தை இழுத்து. அந்தக் குரலைக் கேட்டு முன்பக்கத்தில் ஒரு பெண் சிரித்தாள், எனக்குக் கேட்டது. அவன் நாடாவோடு என் பக்கம் திரும்பினான்.

"மச்சான்?" என்றான்.

கேள்வியாகத்தான் கேட்டான். அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. ஹாரன் உடனே தள்ளிவிட்டான். இறங்கி வந்து பார்க்கவில்லை. அந்தப் பையன்மேல் ஒரு தப்பும் இல்லை சார், அதை எழுதிக்கொள்ளுங்கள். அவன் என்னை நம்பினான். நம்பினவன்மேல் யாரும் பழி போடக்கூடாது.

என் தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், என்னைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போக. கழுத்தை நீட்டி நீட்டி இந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடம் நான் சொன்னால் அழுவாள், நம்பமாட்டாள். நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உன் அண்ணன் இந்தத் தடவை பார்க்காமல் சொல்லவில்லை என்று சொல்லுங்கள். முழுக்க நடந்துபோய், நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான் என்று சொல்லுங்கள்.